ஃபார்மட் போடும் முன் கணினியின் பெயரைக் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அதையொட்டி ஆடிட்டர் அலுவலகம், மருந்துக்கடை, அச்சகம், பள்ளி அலுவலகம் என நான்கைந்து கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும் இடங்களில் விண்டோஸ் 11 ஏற்றும் வேலை நடக்கிறது. மாற்றிய மறுநாள் காலையில் எழும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். இன்டர்நெட் வருகிறது, வைஃபை இருக்கிறது, ஆனால் கணக்கு ஃபைல்கள் இருக்கும் ‘சர்வர்’ கணினியை மற்ற கணினிகளால் திறக்க முடியவில்லை. பிரிண்டரும் போய்விட்டது.

இதற்குப் பல இடங்களில் செய்யப்படும் வைத்தியம் கவலை தருகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுத்துக் காக்கும் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கிறார்கள். எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையைத் திரும்ப இயக்கிவிடுகிறார்கள். கடவுச்சொல் இல்லாமலே ஃபோல்டரை ‘எவ்ரிஒன்’ என்று எல்லோருக்கும் திறந்துவைக்கிறார்கள். சில நேரம் வேலை ஓடவும் ஓடும். ஆனால் 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வான்னாக்ரை என்ற தீம்பொருள் பரவியது இந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். பழுது எங்கே என்று பத்து நிமிடம் பார்த்தால் இந்த மூன்றும் தேவையே இல்லை. அதை எப்படிப் பார்ப்பது என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் கேட்க வேண்டியது, கணினியின் பெயர் மாறிவிட்டதா என்பது. இருக்கும் விண்டோஸின் மேலேயே 11-ஐ ஏற்றினால் பெயர், கணக்குகள், பகிர்ந்த ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். டிஸ்க்கைத் துடைத்து ஃபார்மட் போட்டு ஏற்றினால் விண்டோஸ் தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது: ‘டெஸ்க்டாப்’ என்ற சொல், ஒரு சிறுகோடு, பிறகு பொருளில்லாத ஏழு எழுத்தும் எண்ணும். நேற்று வரை ‘பில்லிங்’ என்று இருந்த கணினி இன்று வேறு பெயரில் நிற்கிறது. மற்ற கணினிகள் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன. வாடிக்கையாளரிடம் ‘அப்கிரேடு’ என்று சொல்லிவிட்டுக் கடையில் செய்தது ஃபார்மட்டாகவும் இருக்கலாம். எது நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பாதி வேலை.

தற்போதைய பெயரைப் பார்க்க, கட்டளைகளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்தால் போதும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனாலும் மேலேயே தெரியும். பழைய பெயர் நினைவில் இல்லையென்றால் மற்ற கணினிகளில் தேடலாம். ‘திஸ் பிசி’யில் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும் இசட் அல்லது எக்ஸ் டிரைவின் அருகே அந்தப் பெயர் இருக்கும். பிரிண்டர் பெயரில் ‘ஆன்’ என்ற சொல்லுக்குப் பின்னாலும் இருக்கும்.

பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையே திரும்ப வையுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், ‘ரீநேம் திஸ் பிசி’. பிறகு ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான். புதுப் பெயரை ஏற்றுக்கொண்டு மற்ற கணினிகளை ஒவ்வொன்றாக மாற்றப் போனால் அது முடிவதில்லை, ஏனென்றால் அந்தப் பெயர் நாம் நினைப்பதைவிட அதிக இடங்களில் பதிந்திருக்கிறது: டிரைவ் இணைப்புகள், பிரிண்டர், டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட், கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா பாதை, லைசென்ஸ் சர்வர் எங்கே என்று கேட்கும் கட்டம், ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் முகவரி, பேக்கப் எடுக்கும் நிரல், எக்செல் ஃபைல்களுக்குள் இருக்கும் இணைப்புகள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸை அடியில் வைத்து ஓடும் பில்லிங் மென்பொருள் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் இணைப்பு முகவரியே கணினிப் பெயரில்தான் தொடங்கும். கணினியின் பெயரை மாற்றினாலும் டேட்டாபேஸ் தன் உள்பதிவில் பழைய பெயரையே வைத்திருக்கும். அதைத் தனிக் கட்டளையால் நீக்கிப் புதுப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. புதுக் கணினி வாங்கி, பழையதை வேறு மேசைக்கு மாற்றியிருந்தால், பழையதற்கு முதலில் வேறு பெயர் வைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் அந்தப் பெயரைப் புதியதற்குக் கொடுக்க வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கணினிகள் ஒரே பெயரில் இருந்தால் சில நேரம் அதுவும் சில நேரம் இதுவும் பதில் சொல்லும். ‘காலையில் வந்தது, மத்தியானம் வரவில்லை’ என்ற வகைப் புகாருக்கு இது அடிக்கடி காரணமாகிறது.

புதிதாகப் பெயர் வைப்பதாக இருந்தால் 15 எழுத்துகளுக்குள் வையுங்கள். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் முறையில் ஒரு பெயர் 63 எழுத்து வரை போகலாம் என்றாலும், உள்ளூர் நெட்வொர்க்கில் பெயர் தேடும் பழைய நெட்பயாஸ் முறையில் இடம் 16. கடைசி ஒன்றை அது சேவையின் வகையைக் குறிக்க எடுத்துக்கொள்கிறது. நீளமான பெயர் வைத்தால் அங்கே முதல் 15 எழுத்து மட்டும் நிற்கும். ‘மெடிக்கல்ஸ் மெயின் கவுன்டர் 1’, ‘மெடிக்கல்ஸ் மெயின் கவுன்டர் 2’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தெழுதிய இரண்டு கணினிகள் இதனால் ஒரே பெயராகிவிடும். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவை மட்டும் போதும். இடைவெளியும் அடிக்கோடும் வேண்டாம், வெறும் எண்களாலான பெயரும் வேண்டாம். தமிழ் எழுத்தில் ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு தடையும் இல்லை; கணினிக்கு மட்டும் வைக்காதீர்கள், ஜெராக்ஸ் மெஷினும் ரூட்டரும் அதைப் படிக்காது.

பெயர் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் அடுத்த சோதனை. சர்வர் கணினியில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை கொடுத்து, நெட்வொர்க்கில் அதைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேறொரு கணினியில் ‘பிங்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, சர்வரின் பெயரைக் கொடுங்கள். முகவரி நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம், அது ஐபி பதிப்பு 6. பிங் என்பதற்குப் பின் சிறுகோடும் 4-ம் சேர்த்துத் திரும்ப அடித்தால் பழக்கமான எண் வரும்.

இந்தப் பதிலைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தாலே பெயர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் வரியில், பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் சரியான முகவரி வந்திருந்தால் பெயர் தேடல் வெற்றி. பதில் வராததற்குக் காரணம் ஃபயர்வால். ‘குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்’ என்று வந்தால்தான் பெயரே கிடைக்கவில்லை என்று பொருள். அடைப்புக்குள் வேறு முகவரி வந்தால் மூன்றாவது நிலை: பழைய பதிவு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதே பெயரில் இன்னொரு கணினி இருக்கிறது.

அடுத்து விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுக்குப் பின் முகவரியைக் கொடுங்கள்: \\192.168.1.20 என்பது போல. எண்ணால் திறந்து பெயரால் திறக்காவிட்டால் பழுது பெயரில். இரண்டாலும் திறக்காமல், 80070035 என்று முடியும் பிழை எண்ணோடு பாதை கிடைக்கவில்லை என்று சொன்னால் பழுது ஃபயர்வாலிலோ பகிர்வு அமைப்பிலோ. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வந்தால் பெயரும் சரி, வழியும் சரி. மிச்சம் இருப்பது அனுமதி மட்டும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கை வைப்பதால்தான் ஃபயர்வாலை அணைக்கும் அளவுக்குப் போகிறது.

ஃபயர்வால் பழுது என்றால் முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க்கின் வகை. விண்டோஸ் 11 புதிதாகப் பார்க்கும் நெட்வொர்க் எதையும் ‘பப்ளிக்’ என்றே வைத்துக்கொள்கிறது. ரயில் நிலைய வைஃபைக்கு அது சரி, உங்கள் அலுவலகத்துக்கு அல்ல. பப்ளிக் என்று இருக்கும்வரை அந்தக் கணினி மற்றவற்றின் கேள்விக்குப் பதில் சொல்லாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ப்ரைவேட்’ என்று மாற்றுங்கள். பிறகு அதே பக்கத்தின் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் இருக்கும் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், ப்ரைவேட் பிரிவின் கீழ் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் இயக்குங்கள். விண்டோஸின் சொந்த ஃபயர்வாலுக்கு இது போதும், ஃபைல் பகிர்வுக்குத் தேவையான 445-ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயில் தானே திறந்துகொள்ளும். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் இதே அலுவலக நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும். ரூட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் ஒரு கணினி இணைந்திருந்தால் இதில் எதுவும் பலிக்காது. கெஸ்ட் வைஃபை பொதுவாக உள்ளூர்க் கணினிகளைப் பார்க்க விடாது.

எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்பதை அழுத்தினால் பட்டியல் காலியாக இருக்கிறது என்ற புகார் தனி வகை. பட்டியலில் தெரிவதும் பெயரால் திறப்பதும் வெவ்வேறு ஏற்பாடுகள். பட்டியலில் இல்லாத கணினியைக்கூட ரன் பெட்டியில் பெயர் அடித்துத் திறக்கலாம். முன்பு அந்தப் பட்டியலைத் தயாரித்தது கம்ப்யூட்டர் ப்ரௌசர் என்ற சேவை. அது எஸ்எம்பி 1-ஐச் சார்ந்தது. 2017 இலையுதிர்காலத்தில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றும்போது எஸ்எம்பி 1-இன் சர்வர் பகுதி வருவதில்லை. வீட்டுக் கணினிகளுக்குள் பகிர உதவிய ஹோம்குரூப் வசதியும் 2018-இல் நீக்கப்பட்டது. இப்போது அந்த வேலையைச் செய்பவை ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட்’, ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற இரண்டு சேவைகள். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, இரண்டின் தொடக்க வகையையும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி இயக்கினால், கொஞ்ச நேரத்தில் பெயர் பட்டியலில் வரும். எந்தக் கணினி தெரிய வேண்டுமோ, அதில் இரண்டாவது சேவை ஓட வேண்டும் என்பது முக்கியம். தேடும் கணினியில் மட்டும் இயக்கிவிட்டுக் காத்திருந்து பயனில்லை. பட்டியலுக்காக எஸ்எம்பி 1-ஐ இயக்குபவர்கள் இந்த இரண்டு சேவைகளைப் பார்த்தால் போதும்.

கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் மாட்டிக்கொள்பவர்கள்தான் மிக அதிகம். காலையில் கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க ‘பின்’ எண் இங்கே செல்லாது. ‘பின்’ எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, நெட்வொர்க் வழியாக ஏற்கப்படாது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கும் ஏற்கப்படாது. நேரில் உட்கார்ந்து திறக்க மட்டும் அதை விண்டோஸ் அனுமதிக்கிறது. விண்டோஸ் 11 ஏற்றும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டு, மின்னஞ்சலால் உள்ளே போயிருப்பதால் பழைய பயனர் பெயரும் இல்லாமல் போயிருக்கும்.

நேர்வழி, பகிர்வுக்கென்றே சர்வர் கணினியில் ஓர் உள்ளூர்க் கணக்கு. செட்டிங்ஸில் அக்கௌண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ‘ஆட் அக்கௌண்ட்’. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியை அழுத்தி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்க்கும் வரியை எடுத்து, ஒரு பெயரும் நல்ல கடவுச்சொல்லும் கொடுங்கள். ‘நெட் யூசர்’ கட்டளையால் உருவாக்கினால், கடவுச்சொல் காலாவதியாகாது என்ற குறியையும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இயல்பான 42 நாள் வரம்பு முடிந்ததும் ஒரு நாள் காலையில் எல்லாக் கணினியும் சேர்ந்து நின்றுபோகும். பிறகு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி என்ற இரண்டு தாவல்களிலும் அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுங்கள். ஒன்றில் மட்டும் கொடுத்தால் இரண்டில் குறைவானது எதுவோ அதுவே செல்லும்.

மற்ற கணினிகளில், கன்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரில் ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் சர்வரின் பெயரில் சேமித்திருக்கும் பழைய பதிவை நீக்கிவிட்டு, புதிதாக நுழையுங்கள். பயனர் பெயரை, சர்வர் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, கணக்கின் பெயர் என்று சேர்த்தே அடியுங்கள். ஒரே சர்வரோடு இரண்டு பயனர் பெயரில் இணைய முடியாது என்ற பிழை வந்தால், ‘நெட் யூஸ்’ கட்டளையோடு நட்சத்திரக் குறியும் டிலீட் என்பதும் சேர்த்துக் கொடுத்துப் பழைய இணைப்புகளைத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள்.

‘கடவுச்சொல் இல்லாமலே இத்தனை நாள் ஓடியதே’ என்ற கேள்வி நியாயமானது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இரண்டு விதிகளை இறுக்கியது. ப்ரோ பதிப்பிலும் இனி கடவுச்சொல் இல்லாமல் ‘கெஸ்ட்’ ஆக மற்றொரு கணினிக்குள் நுழைய முடியாது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று ஒரு செய்தி வரும். நிறுவனமே இல்லாத சிறு கடையில் இதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இரண்டாவது, ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் எஸ்எம்பி பரிமாற்றம் ஒவ்வொன்றிலும், அது வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பு கட்டாயம். ஹோம் பதிப்பில் கட்டாயமில்லை. ஒரே அலுவலகத்தில் ஹோம் கணினி திறப்பதும் ப்ரோ கணினி மறுப்பதும் இதனால்தான்.

விண்டோஸ் 7 கணினி ஒன்று மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்கூட அது எஸ்எம்பி 2.1 பேசும், கையொப்பமும் இடும்; சரியான கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்தால் 24எச்2 அதனோடு இணையும். எக்ஸ்பி இணையாது, அதற்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். பழைய ஜெராக்ஸ் மெஷின்களும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளும் சிக்குவது இங்கேதான். ஸ்கேன் செய்தது கணினியின் ஃபோல்டருக்கு வரவில்லை என்றால், மெஷினின் முகவரிப் புத்தகத்தில் கணினிப் பெயரையும் கணக்கையும் முதலில் சரிபார்த்து, பிறகு அதன் எஸ்எம்பி அமைப்பில் 2 அல்லது 3 என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர், அதாவது மெஷினின் உள் மென்பொருள், வெளியிட்டிருக்கிறாரா என்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ ஸ்கேன் அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு மெஷினுக்காக எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் இறக்குவதில் நியாயமில்லை.

பள்ளிகளும் பயிற்சி மையங்களும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரு கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி, அந்த டிஸ்க்கை அப்படியே இருபது முப்பது கணினிகளுக்கு நகல் எடுக்கும் வழக்கம் உண்டு. பெயரை மட்டும் ஒவ்வொன்றிலும் மாற்றிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு விண்டோஸுக்கும் எஸ்ஐடி என்ற உள் அடையாள எண் இருக்கிறது. நகலில் அதுவும் நகலாகிவிடும், பெயரை மாற்றினால் மாறாது. 2025 ஆகஸ்ட் இறுதிக்குப் பின் வந்த புதுப்பிப்புகள் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் இந்த எண்ணைச் சரிபார்க்கின்றன. எண் ஒன்றாக இருக்கும் இரண்டு கணினிகள், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் ஒன்றையொன்று ஏற்பதில்லை. ‘ஹூஆம்ஐ’ கட்டளையோடு சாய்கோடும் யூசர் என்பதும் சேர்த்து அடித்து, வரும் நீண்ட எண்ணின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டு மற்றதை இரண்டு கணினிகளில் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தீர்வு, நகல் எடுக்கும் முன் மூலக் கணினியில் ‘சிஸ்ப்ரெப்’ கருவியை ஓட்டி அடையாளத்தை நீக்கிவிட்டு நகலெடுப்பது. ஏற்கெனவே நகலானவற்றை அப்படி எடுத்த நகலிலிருந்து மீண்டும் ஏற்றத்தான் வேண்டும்.

எல்லாம் சரிசெய்தும் பெயர் அவ்வப்போது மட்டும் கிடைக்கிறது என்றால், நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக்’ உடன் சாய்கோடும் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்பதும் சேர்த்து அடித்து, கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பெயர், முகவரிப் பதிவுகளை அழித்துவிடுங்கள். பிறகு சர்வருக்கு நிலையான முகவரி கொடுங்கள். அதைக் கணினியில் செய்வதைவிட ரூட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பகுதியில் ‘ரிசர்வேஷன்’ ஆகச் செய்வது நல்லது; இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் போகும் சிக்கல் வராது. அதற்குக் கணினியின் வன்பொருள் முகவரி தேவை, ‘கெட்மேக்’ கட்டளை அதைக் காட்டும். சர்வர் வைஃபையில் இருந்தால் ‘ராண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ என்ற தேர்வை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரூட்டர் அதை அடையாளம் காணாது. சர்வரை வைஃபையில் வைக்காமல் கேபிளில் மாட்டுவதே முறை.

முகவரி நிலையானபின், பிடிவாதமாகப் பெயரைக் கண்டுபிடிக்காத கணினியில் மட்டும், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று குறிக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதலாம். அது சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கிறது. நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றி அந்த ஃபைலை எடுத்து, முதலில் முகவரி, இடைவெளி, பிறகு பெயர் என்று எழுதிச் சேமியுங்கள். நோட்பேட் தன் வழக்கப்படி டெக்ஸ்ட் ஃபைலாக வேறொன்றைச் சேமித்துவிட்டால் விண்டோஸ் அதைப் படிக்காது. இன்டர்நெட் நிறுவனத்தை மாற்றிப் புது ரூட்டர் மாட்டும் நாளில் 192.168.1 என்று தொடங்கிய முகவரிகள் 192.168.29 என்று மாறிவிடலாம். அன்று இந்த வரியையும் ரிசர்வேஷனையும் திருத்த மறக்க வேண்டாம்.

விண்டோஸ் ஏற்றித் தரும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபார்மட் போடும் முன் கணினியின் பெயர், அது சேர்ந்திருக்கும் ஒர்க்குரூப்பின் (கணினிக் குழுவின்) பெயர், ஐபி முகவரி, பகிர்ந்த ஃபோல்டர்கள், பகிர்ந்த பிரிண்டர், பயனர் கணக்குகள் ஆகியவற்றை பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். கணினியைக் கடையில் விடும் வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். கடை எழுதித் தராவிட்டால், கொண்டுபோகும் முன் அபௌட் பக்கத்தையும் ‘நெட் ஷேர்’ கட்டளை காட்டும் பட்டியலையும் செல்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்,
ஈரோடு